குடல் சோதனையும் நோயாளியின் மனநிறைவும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வி, வேலைவாய்ப்பு, ஒற்றுமை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவற்றைப் பேச நம்மினும் தகுதி வாய்ந்தோர் இங்கே வீற்றிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ குடலைப் பற்றியது. ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனையைப் பற்றியது. மருத்துவமனைகளில் இதனைக் கொலனோஸ்கோபி என்பர். நோய் வெளித்தெரியாத காலத்திலேயே முன்கூட்டிச் செய்துகொள்ளும் இச்சோதனையில் நோயாளி என்ன பாடுபடுகிறார், எதனால் மனநிறைவு அடைகிறார், எதனால் மனம் கசந்து மறுமுறை வராமல் நின்றுவிடுகிறார் என்பவற்றை மேலைநாட்டார் நிரம்ப ஆராய்ந்திருக்கின்றனர். அந்த ஆராய்ச்சிகளுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதனை எடுத்துரைக்கவே இம்மேடையில் நிற்கிறோம்.

முதலில் கூச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விழா மேடையில் மலத்தைப் பற்றிப் பேசுவதா என்று யாரேனும் முகம் சுளித்தால் அவர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். ஊரார் மலத்தை அள்ளிச் சுமக்கும் வேலையை இந்நாடு நூற்றாண்டுக் கணக்கில் சில சாதியாரின் தலைமேல் ஏற்றி வைத்தது. 1993-ஆம் ஆண்டிலும் மீண்டும் 2013-ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றித் தடுத்த பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் உயிர்கள் மாண்டுகொண்டுதான் இருக்கின்றன. வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படவில்லை. நாமோ, நம் மலத்தில் இரத்தம் கண்டால் அதை மருத்துவரிடம் சொல்லக்கூட வெட்கப்படுகிறோம். மூலம் என்று நாமே பெயர் சூட்டிக்கொண்டு, கடையில் களிம்பு வாங்கிப் பூசி, மாதங்களைக் கழித்துவிடுகிறோம். நம் தாய்மார்கள் நிலை இதனினும் மோசம். கட்டிய கணவரிடமும் பெற்ற பிள்ளையிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருப்போர் எத்தனையோ பேர். அந்த அடக்கத்தை நற்குணம் என்று புகழ்வதை இனியேனும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் சிலருக்குப் பாலிப் என்னும் சதைமுளைகள் தோன்றும். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. ஆயினும் அவற்றில் ஒருவகை மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழிந்தபின் புற்றுநோயாக மாறுவதுண்டு. பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த நீண்ட அவகாசத்திற்குள் முளையைக் கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டால், வரவிருந்த புற்றுநோய் அங்கே வராமலே போய்விடும். 1969-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஷின்யா, வுல்ப் என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியே கம்பிச் சுருக்கை நுழைத்து இம்முளையை அறுத்தெடுக்கும் முறையைத் தொடங்கி வைத்தனர். நோயைக் கண்டறிவதும் தடுப்பதும் ஒரே வேளையில் முடிந்துவிடுவது இச்சோதனையின் தனிச்சிறப்பு.

இனி, சோதனைக்குச் செல்வோர் படும் பாட்டை வரிசையாகப் பார்ப்போம். இதில் வியப்பு யாதெனில், நோயாளிகளைக் கேட்டு எழுதிய ஆய்வுகளில் மிகுதியானோர் கடினம் என்று குறிப்பிட்டது சோதனையை அன்று. அதற்கு முந்திய நாள் குடலைக் கழுவும் பேதி மருந்தையே அவ்வாறு குறித்தனர். 2 லிட்டர் முதல் 4 லிட்டர் வரை உப்புச்சுவையுள்ள நீரைக் குடித்தாக வேண்டும். பாதியை முந்திய நாள் மாலையிலும் மீதியைச் சோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் பிரித்துக் குடித்தால், குடலும் நன்கு சுத்தமாகும், குடிப்பவர்க்கும் தாங்கும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த உண்மை. அதற்கும் முன்னதாக இரண்டு மூன்று நாட்கள் கீரை, கேழ்வரகு, கொய்யா, விதையுள்ள காய்கள் ஆகியவற்றை விலக்க வேண்டும். வெள்ளைச் சோறு, மோர், தெளிந்த ரசம், இளநீர் என்று வயிற்றை இலேசாக வைத்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோர் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிடில் குடலில் கருமை படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது. நீரிழிவுக்கும் இரத்தம் உறையாமைக்கும் மருந்து உட்கொள்வோர் அவற்றை என்ன செய்வதென்று மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

படிக்கும்போது இவை எளியனவாகத் தோன்றும். ஆனால் அந்த இரவில் பத்து முறையேனும் கழிப்பிடம் செல்ல நேரிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டோடு கழிப்பறையும் தடையின்றித் தண்ணீரும் உள்ளவர்க்கு அது ஓர் இரவின் தொல்லை. கழிப்பறை இல்லாத வீட்டில், மழைக்காலத்து இருட்டில், 60 வயது மூதாட்டி ஒருவர்க்கு அது என்ன? இரண்டு நாள் கூலி போகும். உடன் வருபவர் கூலியும் போகும். குடல் சுத்தமாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் எல்லாம் வீண். சொன்னபடி கேட்கவில்லை என்ற ஏச்சும் கூடவே வரும். சொன்னபடி செய்ய வீட்டில் வழியுண்டா என்று முன்னரே வினவுவதுதான் முறை. மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் உறவினர் வீட்டில் அவ்விரவைக் கழிக்கலாம். முதல்நாளே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு நாக்கு எழ வேண்டும்.

சோதனை நாளில் பின்புறம் திறந்த அங்கியை அணியச் சொல்வார்கள். இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்து, நரம்பில் ஊசி மூலம் அரைமயக்க மருந்து கொடுப்பார்கள். சில இடங்களில் முழுமயக்கம் தருவதும் உண்டு, மருந்தின்றியே செய்வதும் உண்டு. குழாய் சுண்டுவிரல் பருமன் உடையது. அது குடலின் கடைசி முனைவரை சென்று, பின் மெல்ல வெளியே இழுக்கப்படும். இழுக்கும்போதுதான் மருத்துவர் கூர்ந்து பார்க்கிறார். அதற்கு 6 நிமிடமாவது செலவிட வேண்டும் என்று விதி வகுத்திருக்கின்றனர். முளையை அறுக்கும்போது வலி தெரியாது, குடலின் உட்தோலுக்கு அறுப்பதை உணரும் நரம்பு இல்லை. குடல் இழுபடுவதாலும் அதனுள் செலுத்தும் காற்றால் உப்புவதாலும் உண்டாவதே வலி.

இந்த வலியைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. நார்வே, போலந்து முதலிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது. 12,574 பேர் நோய்க்குறி ஏதுமின்றி முன்கூட்டிச் சோதனை செய்துகொண்டனர். சாதாரணக் காற்றைச் செலுத்திச் செய்தவர்களுள் 16.7 விழுக்காட்டினர் சோதனைக்குப் பின் குறிப்பிடத்தக்க வயிற்றுவலி இருந்ததென்று கூறினர். கரியமில வாயுவைச் செலுத்திச் செய்தவர்களுள் அவ்வாறு கூறியவர்கள் 4.2 விழுக்காட்டினரே. அவ்வாயுவைக் குடல் விரைவில் உறிஞ்சிவிடுவதே காரணம். குடலில் துளை விழுந்தது அத்தனை பேரில் ஒருவருக்கு மட்டுமே. ஆகவே, வலி என்பது இச்சோதனையுடன் பிறந்தது, அதைச் சகித்தே தீர வேண்டும் என்று யாரேனும் சொன்னால் முழுவதும் நம்ப வேண்டியதில்லை. எந்த மருந்து, எந்த வாயு, எவருடைய கை என்பதைப் பொறுத்து வலி மாறுகிறது.

கனடா நாட்டில் டொரன்டோ நகரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ரெடல்மையர் என்னும் மருத்துவரும் கானெமன் என்னும் உளவியல் அறிஞரும் சேர்ந்து, 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இச்சோதனைக்கு உட்பட்ட 154 பேரின் வலியை நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டனர். பிற்பாடு, மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டபோது, சோதனை எத்தனை நேரம் நீடித்தது என்பதை நோயாளிகள் கணக்கிலேயே எடுக்கவில்லை. மிகக் கடுமையாக வலித்த நேரமும் கடைசிச் சில நிமிடங்களுமே அவர்கள் நினைவில் நின்றன. 2003-இல் வெளியான மறு ஆய்வில் 682 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சோதனையின் முடிவில் குழாயை அசைக்காமல் சிறிது நேரம் உள்ளே வைத்திருந்து பின் எடுத்தனர். வலி குறைந்த முடிவு அமைந்ததால் அவர்கள் நினைவில் சோதனை அவ்வளவு கொடியதாக இல்லை. மறுமுறை வந்தோரும் அப்பிரிவில் சற்று அதிகம். நினைவை இனிதாக்குவதற்காகச் சோதனையை நீட்டுவது முறையா என்பது எமக்கு இன்னும் ஐயமே. நோயாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை என்பது எம் எண்ணம். ஆனால் இதிலிருந்து பெறத்தக்க பாடம் வேறு. கடைசியில் சொல்லும் ஒரு கனிந்த சொல்லும், எழும்பும்போது தாங்கிப் பிடிக்கும் ஒரு கையும் வெறும் மரியாதைக்காக அல்ல. அந்த நோயாளி ஐந்தாண்டு கழித்து மறுசோதனைக்கு வருவாரா மாட்டாரா என்பதை அவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இவ்விடத்தில் நம்மை நேராகத் தொடும் செய்தி ஒன்று வருகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் 2016-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். வெள்ளை இனத்தைச் சேர்ந்த 222 மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டதில், ஏறக்குறையப் பாதிப்பேர், கறுப்பினத்தாரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய் நம்பிக்கைகளில் ஒன்றையேனும் உண்மை எனக் கருதினர். அத்தகையோர் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டனர். இதைப் படித்தபோது நமக்குப் பழகிய ஒரு சொல் நினைவுக்கு வந்தது. உழைத்த உடம்பு, தாங்கும் என்பதே அச்சொல். வெயிலில் நாற்று நட்டதாலும் மூட்டை சுமந்ததாலும் ஒருவருடைய குடல் வலியற்றதாகிவிடுமா? பாராட்டுப் போல் ஒலிக்கும் அச்சொல், மருந்து தர வேண்டிய இடத்தில் தராமல் விடுவதற்குச் சாக்காகப் பயன்படுகிறது.

மனநிறைவு என்பதை அளப்பது எளிதன்று. சோதனை முடிந்து வெளியே வந்ததும் படிவம் ஒன்றை நீட்டி, திருப்திதானா என்று கேட்பார்கள். மயக்க ஊசி போட்டவர்க்கு நடந்தவற்றுள் பாதி நினைவிராது. அந்த மருந்துகளுள் சிலவற்றின் இயல்பே அது. புற்றுநோய் இல்லை என்ற சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில் வேறு குறைகள் மறந்துபோவதும் இயற்கை. இவை இரண்டும் எல்லார்க்கும் பொது. மூன்றாவது ஒன்று நம்மைப் போன்றோர்க்கே உரியது. நாளையும் அந்த மருத்துவமனையின் வாயிலில்தானே நிற்க வேண்டும் என்ற அச்சமும், நம்மை யார் நன்றாக நடத்தப் போகிறார்கள் என்ற பழைய எண்ணமும் சேர்ந்து, கையைத் திருப்தி என்ற கட்டத்தின்மேல் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. ஏசாமல் விட்டதையே நன்றாக நடத்தியதாக எழுதித் தருகிறோம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டவனுடைய திருப்தியை எண்ணிக் கணக்கெடுப்பதில் பயன் என்ன? நோயாளி மறுமுறை வந்தாரா, தன் தம்பியையும் தங்கையையும் அழைத்து வந்தாரா என்பதே மனநிறைவுக்கு நம்பத்தக்க அளவுகோல் என்று நாம் கருதுகிறோம்.

அந்த அளவுகோலால் அளந்து வெற்றி கண்ட மக்கள் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களே அவர்கள். அவர்களுக்கும் நமக்கும் உறவு புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் ஓரத்தில்தான் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு அண்ணல் அவர்கள் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரையே அவர்களுடைய கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. அந்தக் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு நின்றவர்கள் என்றே பலரும் அறிவர். அவர்கள் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தியதையும், தம் மக்களிடையே பரம்பரை இரத்தநோய்ப் பரிசோதனையை வீடு வீடாகக் கொண்டு சென்றதையும் அறிந்தோர் குறைவு.

பெருங்குடல் புற்றுநோய் கறுப்பின மக்களை வெள்ளையரைவிட அதிகமாகத் தாக்குகிறது, அதிகமாகக் கொல்கிறது. புகழ்பெற்ற நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-ஆம் ஆண்டு தம் 43-ஆம் வயதில் இந்நோயால் மறைந்ததை இளைஞர்கள் அறிவீர்கள். இருந்தும் அம்மக்கள் சோதனைக்கு வரத் தயங்கினர். அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை 40 ஆண்டுகள் அரசு நலத்துறையினரே, மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர்களுக்குச் சிகிச்சை தருவதாகப் பொய் சொல்லி, பென்சிலின் வந்த பின்னும் கொடுக்காமல், நோய் என்ன செய்கிறதென்று வேடிக்கை பார்த்தனர். இவ்வாறு வஞ்சிக்கப்பட்ட மக்களிடம் போய், குழாய் விட்டுப் பார்க்கிறோம் வாருங்கள் என்றால் யார் வருவார்?

இதற்கு விடை கண்டவர்களுள் முதல்வர் ஹரால்டு ஃப்ரீமன் என்னும் கறுப்பின அறுவை மருத்துவர். ஹார்லெம் மருத்துவமனையில் பணியாற்றிய அவரும் அவருடைய தோழரும் 1990-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். உலகின் செல்வ நகரமாகிய நியூயார்க்கில், ஹார்லெம் பகுதியின் கறுப்பின ஆடவன் ஒருவன் 65 வயதை எட்டும் வாய்ப்பு, வங்கதேசத்து ஆடவனுக்கு உள்ளதைவிடக் குறைவு என்று அதில் காட்டினர். அதே ஆண்டில் ஃப்ரீமன் வழித்துணைவர் என்னும் முறையைத் தொடங்கினார். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைப் பயிற்றுவித்து நோயாளியின் பக்கத்தில் நிறுத்துவது அம்முறை. சீட்டு வாங்குவது, எந்த அறைக்குப் போவது, என்ன படிவத்தில் கையெழுத்திடுவது, மறுவாரம் வராதவரை வீடு தேடிப் போய்க் கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதலில் மார்பகப் புற்றுநோய்க்கென்று தொடங்கினார்கள். அம்மருத்துவமனைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகளுள் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் முன்பு 39 விழுக்காடு. இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் வந்த பின்னர் அது 70 விழுக்காடாக உயர்ந்தது.

பின்னர் நியூயார்க் நகராட்சி 2003-ஆம் ஆண்டு முதல் குடல் சோதனைக்கும் அரசு மருத்துவமனைகளில் இவ்வழித்துணைவர்களை நியமித்தது. 50 வயது கடந்தோருள் சோதனை செய்துகொண்டவர்கள் 2003-இல் 42 விழுக்காடாக இருந்தது, 2014-இல் ஏறக்குறைய 70 விழுக்காடாயிற்று. இனங்களுக்கிடையே இருந்த ஏற்றத்தாழ்வும் பெரும்பாலும் மறைந்தது.

டெலவேர் என்னும் சிறு மாநிலத்தின் கதை இன்னும் தெளிவானது. காப்பீடு இல்லாதவர்க்கும் சோதனைச் செலவை மாநில அரசே ஏற்றது. புற்றுநோய் கண்டால் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. இந்த இரண்டாவது பகுதி மிக முக்கியம், ஏனெனில் கண்டுபிடித்துவிட்டுக் கைவிடும் சோதனையை எந்த ஏழையும் விரும்பமாட்டான். மருத்துவமனைதோறும் வழித்துணைச் செவிலியர் அமர்த்தப்பட்டனர். 2001-இல் கறுப்பின மக்களுள் 48 விழுக்காட்டினரே சோதனை செய்திருந்தனர். வெள்ளையருள் 58 விழுக்காட்டினர் செய்திருந்தனர். 2009-இல் இருசாராரும் 74 விழுக்காடு என்று சமமாயினர். கறுப்பின மக்களிடையே இந்நோயால் இறப்போர் தொகை 42 விழுக்காடு குறைந்தது. இறப்பில் இருந்த இடைவெளி ஏறத்தாழ மூடிவிட்டது. எட்டு ஆண்டுகள்தாம்! பரம்பரை, உணவு, பழக்கம் என்று எதையெல்லாமோ காரணம் காட்டி வந்தவர்கள் வாயடைத்துப் போயினர். கட்டணத்தை நீக்கி, பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்தியபோது அம்மக்கள் வந்தார்கள்.

நம் நாட்டு நிலை வேறு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் மேலைநாடுகளை நோக்கக் குறைவு. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு முதல் 45 வயதானோர் அனைவர்க்கும் குடல் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நம் அரசு 30 வயது கடந்தோர்க்கு வகுத்துள்ள பரிசோதனைத் திட்டத்திலோ வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றுள்ளன. ஆகவே நலமாக உள்ள எல்லாரும் நாளையே குழாய்ச் சோதனைக்கு ஓட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறித் தொகுப்புத் திட்டம் விற்கும் தனியார் விளம்பரங்களிடம் எச்சரிக்கையாகவே இருங்கள். ஆனால் மலத்தில் இரத்தம் கண்டவர், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியவர், காரணமின்றி மெலிபவர், இரத்தசோகை கண்ட ஆடவர், மாதவிலக்கு நின்றபின் இரத்தசோகை கண்ட பெண்டிர் ஆகியோர் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் நோய்க்குறி இல்லாவிடினும் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பே, சோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும். இரத்தசோகை என்றால் நம் மக்களுக்குச் சத்துக்குறைவு என்றே முடிவு கட்டி, இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. குடலின் வலப்புறத்தில் வளரும் புற்று, வலியின்றிச் சொட்டுச் சொட்டாக இரத்தத்தை இழக்கச் செய்யும். சோர்வு ஒன்றே வெளியே தெரியும்.

குழாய்ச் சோதனைக்கு முன் விரல் சோதனை ஒன்று உண்டு. உறையணிந்த விரலால் ஆசனவாயின் உள்ளே தொட்டுப் பார்ப்பது. மலக்குடலின் அடிப்பகுதியில் உள்ள புற்றைப் பல வேளைகளில் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். செலவு கிடையாது, கருவி கிடையாது. தொட வேண்டும், அவ்வளவே. இந்த நாட்டில் அந்த ஒரு சொல்லின் பாரம் நமக்குத்தானே தெரியும்! 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான தீண்டாமை பற்றிய நூல், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிவு செய்திருக்கிறது. நம் முன்னோருள் அயோத்திதாசப் பண்டிதர் போன்ற சித்த மருத்துவர்கள் நாடி பிடித்து வைத்தியம் செய்தார்கள். நம் மருத்துவச்சிகள் ஊரார் பிள்ளைகளைத் தம் கையில் ஏந்தி உலகுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கைகளுக்குத் தீட்டுச் சொன்ன நாட்டில், மேசைக்கு அப்பாலிருந்தே மூலம் என்று எழுதித் தரும் மருத்துவர் இன்றும் உண்டு. விரைவு, கூட்டம், சலிப்பு ஆகியவையும் அதற்குக் காரணமாகலாம். எல்லாவற்றையும் சாதியின்மேல் ஏற்றிச் சொல்வது நம் நோக்கமன்று. காரணம் எதுவாயினும், இரத்தம் போகிறது என்று சொன்ன நோயாளியைத் தொட்டுச் சோதிக்காமல் அனுப்பினால், ஐயா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு உரிமை உண்டு.

கேட்கத் தெரிந்தவர்கள் யார்? இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள்தாம். டெலவேரில் அரசு சம்பளம் கொடுத்து வைத்த வழித்துணைவரின் வேலையை, நம் கழகத்தின் படித்த பிள்ளைகள் மாதத்தில் ஒரு நாள் செய்யலாம் என்பதே எம் கோரிக்கை. இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பெரியவர்க்கு அவர் மொழியில் விளக்க வேண்டும். மயக்க மருந்து தருவார்களா, கரியமில வாயு உண்டா என்று கேட்க வேண்டும். பெண் நோயாளி பெண் மருத்துவரை விரும்பினால் அதை முன்னதாகச் சொல்ல வேண்டும். போதனா மருத்துவமனையில் மாணவர் பலர் சூழ்ந்து நிற்பது உண்டு. அவர்கள் கற்க வேண்டியவர்களே, நாமும் அதை மறுக்கவில்லை. ஆயினும் நோயாளியின் இசைவைக் கேட்டு நிற்கட்டும், திரை போட்டிருக்கட்டும். அன்று மயக்கம் தெளிந்தவர் தனியே பேருந்தில் வரக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. அவரை வீடுவரை கொண்டுவந்து விட வேண்டும். இரவில் வயிறு கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, இரத்தம் மிகுதியாகப் போனாலோ உடனே அழைத்துச் செல்ல ஆள் இருக்க வேண்டும்.

படிவத்தைப் பற்றியும் ஒரு சொல். திருப்தியா என்று அன்றே கேட்பதை மருத்துவமனை செய்யட்டும். நாம் ஒரு வாரம் கழித்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்போம். பேர் சொல்லி அழைத்தார்களா, நீ வா போ என்றார்களா? என்ன செய்யப் போகிறார்கள் என்று முன்னால் சொன்னார்களா? வலித்தபோது நிறுத்துங்கள் என்று சொல்ல முடிந்ததா, சொன்னபின் நிறுத்தினார்களா? இன்னொரு முறை போகச் சொன்னால் போவீர்களா? இந்த நான்கைந்து கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளை ஒரு குறிப்பேட்டில் பெயரின்றி எழுதி வைத்தால், ஓராண்டில் நம் வட்டார மருத்துவமனையைப் பற்றி நம்மிடம் மெய்யான கணக்கு ஒன்று இருக்கும். நன்றாக நடத்திய செவிலியரையும் மருத்துவரையும் எழுத்தில் பாராட்டவும் அதுவே உதவும். அத்தகையோர் இல்லாமல் இல்லை. குறை இருப்பின் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் முன் தனியொருவராகப் போய்க் கைகட்டி நிற்காமல், கழகத்தின் பெயரால் ஏட்டோடு போகலாம்.

சோதனை அறிக்கையின் படியையும் சதைத்துணுக்கு ஆய்வின் முடிவையும் கேட்டு வாங்கி, குடும்ப அட்டை வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வைத்திருங்கள். முளை எத்தனை, எவ்வளவு பெரியது, எவ்வகை, குடல் சுத்தமாக இருந்ததா, குழாய் கடைசி முனைவரை சென்றதா என்பவை அவற்றில் இருக்கும். அடுத்த சோதனை மூன்றாண்டிலா, ஐந்தாண்டிலா, பத்தாண்டிலா என்பதை அவற்றைக் கொண்டுதான் முடிவு செய்வார்கள். முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதை வாங்கப் போகும் நாளையும் வழித்துணையாகச் செல்பவர் முன்னரே குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் முடிவை வாங்கப் போகாமலே விட்டுவிடுபவர்கள் உண்டு.